ஸ்னோபோர்டு ஜாக்கெட் எந்த இடத்தில் முதலில் போகும்?

இந்தக் குளிர்காலத்தில் ஸ்னோபோர்டு பழக ஆரம்பிக்கிறீர்கள். அதே ஜாக்கெட் மற்ற நாட்களில் குளிருக்கும் உதவ வேண்டும். கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்: நீர்க்காப்பு 20,000 மி.மீ. என்று சீட்டில் எழுதிய, பஞ்சு இல்லாத ஷெல் ஒன்று, 10,000 மி.மீ. என்று எழுதிய, பஞ்சு வைத்துத் தைத்த கனமான ஜாக்கெட் ஒன்று. எண் பெரிதாக இருப்பதுதான் அதிக நாள் உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னும் அடிப்படையானது: இரண்டு சீசன் கழித்து மறுபடி செலவு வைக்காத ஜாக்கெட்டைக் கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அந்த இரண்டு எண்களும் அவ்வளவாக உதவாது.

நான் துணித் தொழில்நுட்பம் படித்தவன். சில ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தேன். அதன்பிறகு 16 ஆண்டுகளாகப் பனி உடைகளையும் மழை உடைகளையும் பழுதுபார்த்து வருகிறேன். இந்த அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வருபவை கிழிந்தவையும் ஒழுகுபவையும் மட்டுமே. பத்து வருடமாக நன்றாக உழைக்கும் ஜாக்கெட்டை யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை. அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்று என் மேசையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது தப்பாகிவிடும். அதிகம் விற்கிற பெயர்தான் பழுதுக்கும் அதிகம் வரும். ஆனால் ஒரு ஜாக்கெட் எந்தெந்த இடத்தில் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலை கூடியதோ குறைந்ததோ, போகிற இடங்கள் அவையேதான்.

முதலில் அந்த மில்லிமீட்டர் கணக்கைத் தீர்த்துவிடுவோம். துணியை இறுக்கிப் பிடித்து அதன் ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி தோன்றும்போது அழுத்தம் எவ்வளவோ, அதுதான் அந்த எண். 10,000 மி.மீ. என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் எடையைத் துணி தாங்கியிருக்கிறது; கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். இதை உங்கள் உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஈரப் பனியில் உட்கார்ந்தால், எடை சுமார் 1,000 சதுர சென்டிமீட்டரில் பரவும். அது 700 மி.மீ. அழுத்தம்தான். அவரே முழங்காலிட்டால் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். அழுத்தம் 7,000 மி.மீ. ஆகும். முழங்கால் பேன்ட்டின் கவலை, ஜாக்கெட்டுடையது அல்ல. ஆகப் புதிதாக இருக்கும்போது 10,000 தாராளமாகப் போதும். 20,000 என்பது துணி பழசாகி அந்த எண் இறங்கும்போது கையில் இருக்கும் கூடுதல் இருப்பு. இருந்தால் நல்லது, ஆனால் உங்கள் முடிவை அது தீர்மானிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, அந்தச் சோதனை புதுத் துணிக்கு மட்டும் செய்தது. தையலுக்கும் ஜிப்புக்கும் கழுத்து ஓரத்துக்கும் அந்த எண்ணோடு சம்பந்தமே இல்லை.

அப்படியானால் இத்தனை பேர் ‘ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று கொண்டுவருகிறார்களே, ஏன்? அப்படி வரும் ஜாக்கெட்டை மேசையில் விரித்து, தோள்பட்டையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றுவது என் பழக்கம். நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் தாமரை இலைமேல் உருளுவதுபோல முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இவற்றில் உருளாது. துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துப்போகும். இப்போது உள்பக்கம் விரலை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆனால் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தால் காகிதம் காய்ந்தே இருக்கும். தண்ணீர் உள்ளே வரவில்லை. வெளித்துணி ஊறிப்போய்விட்டதால் வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. போட்டிருப்பவருக்கு அது ஒழுகல் மாதிரியே தெரியும். இப்படி வரும் ஜாக்கெட்டுகளில் பலவற்றை நான் தையல் மெஷினில் வைப்பதே இல்லை, துவைத்துச் சூடாக உலர்த்தித் திருப்பிக் கொடுக்கிறேன். மறுநாள் அதே தோள்பட்டையில் அதே கரண்டித் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்க்கும்போது உரிமையாளர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

‘துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும்’ என்ற பயம் ஊர் உலகமெங்கும் பரவிக் கிடக்கிறது. நிலைமை நேர்மாறானது. கழுத்துப் பகுதியில் ஏறும் தோல் எண்ணெய், சன்ஸ்கிரீன், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நாற்காலியின் கிரீஸ், வியர்வை உப்பு, இவைதான் ஜாக்கெட்டைக் கொல்கின்றன. எண்ணெய் மெதுவாகத் துணிக்கும் அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நீர்புகாச் சவ்வுக்கும் நடுவே இறங்கினால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கழுத்தருகே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஜாக்கெட்டின் உள்சீட்டில் சொன்ன வெப்பத்தில், பெரும்பாலானவற்றுக்கு 30 அல்லது 40 டிகிரியில், திரவ சோப்பு கொஞ்சமாக விட்டு, ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடித் துவையுங்கள். சோப்பு துணியில் தங்காமல் இரண்டு முறை அலசுங்கள். சாஃப்டனர் கூடவே கூடாது. அது துணிமேல் ஒரு படலம் விட்டு, தண்ணீரை ஈர்க்க வைத்துவிடும். உலர்ந்த பிறகு டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓடவிட்டால், வெளித்துணிமேல் படுத்துக் கிடந்த, தண்ணீரை உருளவைக்கும் நீர்விலக்கிப் பூச்சு மறுபடி நிமிரும். அதன்பிறகும் தண்ணீர் உருளாவிட்டால்தான் புதுப் பூச்சு ஸ்பிரே வாங்க வேண்டும்.

அந்தப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பல பத்தாண்டுகளாக அது ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனங்களால் ஆனது. தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்தே விரட்டும். ஆனால் மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் அழியாமல் தங்கிவிடும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. 2019இல், அழியாமல் தங்கும் நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் ஏறியது. கலிஃபோர்னியா 2025 தொடக்கத்திலிருந்து இந்த வகை ரசாயனம் போட்ட பெரும்பாலான உடைகளின் விற்பனையை நிறுத்தியது. இப்போது வரும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் ஃப்ளோரின் இல்லாத பூச்சுதான். இது நல்ல மாற்றம், எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் புதுப் பூச்சு தண்ணீரை விரட்டும் அளவுக்கு எண்ணெயை விரட்டாது. எனவே அழுக்கு சீக்கிரம் பிடிக்கும், அடிக்கடி துவைக்க வேண்டும். முன்பு சீசனுக்கு ஒருமுறை துவைத்தவர்கள் இனி மூன்று நான்கு முறை துவைத்தால்தான் பூச்சு வேலை செய்யும்.

வியர்வை ஆவி வெளியேறுவதற்கும் ஒரு எண் போடுவார்கள்: ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகும் என்று. இதை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன. ஒரே துணிக்கு ஒரு முறையில் ஒரு எண், இன்னொரு முறையில் அதைப்போல இரண்டு மடங்கு எண் வரும். எந்த முறை என்று எழுதாத சீட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே விழுந்து எழுந்து பழகுகிறவருக்கு வியர்ப்பதுபோல வேறு யாருக்கும் வியர்க்காது. அந்த ஒரு கையகல ஜிப் செய்யும் வேலையை எந்தச் சவ்வும் செய்யாது.

நீங்கள் போகப்போகும் மலை எப்படிப்பட்ட குளிர் என்பதும் முக்கியம். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் பனி சொதசொதவென்று ஈரமாக இருக்கும், ஜாக்கெட்டின் நீர்க்காப்பு முழுக்க உழைக்க வேண்டியது அங்கேதான். மைனஸ் 15இல் பனி மாவு மாதிரி. தட்டினால் உதிர்ந்துவிடும், நனைக்காது. அங்கே எதிரி காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் நீங்கள் மணிக்கு 30 கிலோமீட்டரில் சறுக்கினால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். ஆகவே வெளித்துணி காற்றுப் புகாததாக இருப்பதில் மட்டும் எங்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இப்போது ஷெல்லா பஞ்சா என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் இதைச் சூட்டுக் கணக்காகவே பேசுகிறார்கள். நான் பழுதுபார்க்கிறவனாக வேறொன்றைப் பார்க்கிறேன். பஞ்சுக்கும் வெளித்துணிக்கும் ஆயுள் ஒன்றல்ல. செயற்கைப் பஞ்சு அமுங்கி அமுங்கிச் சில ஆண்டுகளில் உப்பல் குறையும். உப்பல்தான் சூடு; நார்களுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பஞ்சு அமுங்கிய ஜாக்கெட்டின் வெளித்துணி இன்னும் ஐந்து வருடம் தாங்கும் நிலையில் இருக்கும், ஆனாலும் இரண்டையும் சேர்த்தே கழிக்க வேண்டியதாகிவிடும். வாத்து இறகு வைத்தது நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நீண்ட காலம் உப்பலாக இருக்கும். நனைந்தால் கட்டி கட்டியாகி ஒன்றுக்கும் உதவாது. நாள் முழுக்கப் பனியில் உட்கார்ந்து எழும் ஸ்னோபோர்டுக்கு மேலுடையாக இறகை நான் சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், பஞ்சு ஜாக்கெட்டில் உள்ளே தையல் டேப், அதாவது ஊசித் துளைகளை மூட ஒட்டும் பட்டை, பிரிந்தால் அந்த இடத்தை எட்டுவதற்கே லைனிங்கை அவிழ்த்து, பஞ்சை விலக்கி, பிறகு எல்லாவற்றையும் பழையபடி மூடித் தைக்க வேண்டும். ஷெல்லில் அரை மணி நேர வேலை அது. பஞ்சு ஜாக்கெட்டில் அரை நாள் ஆகும். கூலியைக் கேட்டதும் பாதிப் பேர் வேண்டாம் என்று எடுத்துப் போய்விடுகிறார்கள். துவைத்தாலும் பஞ்சு சீக்கிரம் காயாது. காயாது என்பதாலேயே துவைக்காமல் விடுகிறார்கள், துவைக்காததால் கழுத்துச் சவ்வு கொப்புளிக்கிறது.

அதனால் உங்களுக்கு என் விருப்பம் ஷெல். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது மெல்லிய பஞ்சுச் சட்டை, அதன்மேல் ஷெல். மலைக்குப் போகாத நாளில் ஃப்ளீஸை மட்டும் போட்டுக்கொள்ளலாம், மழை நாளில் ஷெல் மட்டும். பஞ்சு அமுங்கிப்போனால் உள்சட்டையை மட்டும் மாற்றினால் போதும், ஷெல் தன் வேலையைத் தொடரும். எதிர்ப்பக்கமும் நியாயம் உண்டு: பழகும் காலத்தில் சறுக்குவதைவிட நிற்பதும் காத்திருப்பதும்தான் அதிகம், சிலருக்கு இயல்பிலேயே குளிர் தாங்காது, மூன்று துணியை அடுக்குவது சிலருக்குச் சலிப்பு. அப்படிப்பட்டவராக இருந்தால் சதுர மீட்டருக்கு 40 அல்லது 60 கிராம் பஞ்சு வைத்ததாக, மெல்லியதாக எடுங்கள். 100 கிராமுக்கு மேல் வைத்தது வெயில் வந்ததும் உங்களை வேகவைத்துவிடும்.

எங்கே கிழியும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: முதுகின் கீழ் விளிம்பு, இரண்டு மணிக்கட்டுப் பட்டிகள், ஒரு பக்கத் தோள். பனிச்சறுக்குக் கட்டை இரண்டு மாட்டுபவர் நின்றே மாட்டிவிடுவார். ஸ்னோபோர்டுக்காரர் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் பனியில் உட்கார்ந்து, பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டுகிறார். இரவில் உருகி உறைந்த பனி உப்புக்காகிதம் மாதிரி. அதில் கீழ் விளிம்பு தேய்ந்து தேய்ந்து, மடிப்பின் ஓரம் முதலில் பஞ்சுபோல மெலியும், பிறகு நூல் அறுந்து மடிப்பு வாய் பிளக்கும். விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டுப் பட்டியின் வெல்க்ரோ நாக்கு அடியோடு பிடுங்கிக்கொண்டு வரும். தோளுக்குக் காரணம் போர்டின் இரும்பு விளிம்பு. அதைத் தோளில் சாய்த்துச் சுமக்கும்போது அது கத்தி மாதிரி இழைத்துக்கொண்டே இருக்கும். ஒரு சீசன் ஓடிய ஜாக்கெட்டைப் பார்த்தாலே எந்தத் தோளில் போர்டு சுமக்கிறார் என்று சொல்லிவிடலாம். கயிறு பிடித்து ஏறும் லிஃப்ட் உள்ள இடத்தில் பழகினால் முழங்கையின் உள்பக்கமும் இந்தப் பட்டியலில் சேரும், ஓடும் கயிறு சில நாளிலேயே துணியைக் கருக்கிவிடும்.

ஆகவே கடையில் ஜாக்கெட்டை எடுத்ததும் சீட்டைப் பார்க்காமல் இந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். கீழ் விளிம்பில் துணி இரண்டு மடிப்பாக, ஓரத்தில் இரண்டு வரிசைத் தையலோடு இருக்க வேண்டும். மணிக்கட்டு நாக்கு ரப்பர் வார்ப்பாக இருந்தாலும் துணியாக இருந்தாலும், அது ஜாக்கெட்டோடு சேரும் இடத்தில் நெருக்கமாக இழைத்த கட்டுத்தையல், தையற்காரர்கள் பார்டாக் என்று சொல்வது, இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கெட் வாயின் இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும். தையலைச் சற்று இழுத்துப் பிடித்தால் நூல் இடைவெளிவிட்டுத் தெரியக் கூடாது. இதையெல்லாம் கவனித்துத் தைத்தவர்கள் மற்ற இடங்களிலும் கவனமாகத்தான் தைத்திருப்பார்கள், இது 16 வருடத்தில் எனக்குப் பொய்த்தது மிகக் குறைவு.

துணியின் கனத்தை டீனியர் என்று சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டீனியர். 70 டீனியர் நூலை ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு விரித்தால் 70 கிராம்தான் இருக்கும். மலையேறுபவர்களுக்காகச் செய்யும் 20, 30 டீனியர் ஜாக்கெட்டுகள் பையில் அழகாக மடியும். போர்டின் விளிம்புக்கு அவை தாங்காது. உங்களுக்கு 70 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒரே கனத்தில் நைலான் பாலியெஸ்டரைவிடத் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலுக்கு நிறம் மங்காது, தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். தேய்வதுதான் உங்கள் பிரச்சினை என்பதால் நைலான் பக்கம் சாய்கிறேன். ஆனால் கெட்டியாக நெய்த பாலியெஸ்டர் லேசான நைலானை வென்றுவிடும், பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

அடுக்குகளின் கதை கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஆயுள் ஒளிந்திருப்பது இங்கேதான். வெளித்துணியின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். 1969இல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்று நமக்குத் தெரிந்த பொருள்) கம்பியை மெதுவாக இழுத்துப் பார்த்து, அது அறுந்துகொண்டே இருந்ததால் வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு நுண்துளை நிறைந்த பொருளாக மாறியது. கோர்-டெக்ஸ் சவ்வின் தொடக்கம் அது. வேறு பல ஜாக்கெட்டுகளில் பாலியுரிதேன் சவ்வோ பூச்சோ இருக்கும். இந்தச் சவ்வைத் தனியாகத் தொங்கும் லைனிங்கால் மறைத்தால் இரண்டடுக்கு. உள்பக்கமும் ஒரு மெல்லிய துணியை ஒட்டிவிட்டால் மூன்றடுக்கு. உள்ளே துணிக்குப் பதில் அச்சிட்ட கோடு, புள்ளி மட்டும் இருந்தால் இரண்டரை அடுக்கு. முதலில் உரிந்து வருவது இந்த இரண்டரைதான். வியர்வையும் பை உரசலும் நேராகச் சவ்வின்மேல் படுவதால் தோளில் வெள்ளைச் செதில் செதிலாகக் கொட்டும். மூன்றடுக்கில் சவ்வு இரண்டு துணிக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது, தையல் டேப்பும் கண்ணுக்கு எதிரே இருப்பதால் பழுதுபார்ப்பது சுலபம். விலை கூடுதல்தான். இரண்டடுக்கு இடைப்பட்டது, நல்ல லைனிங் இருந்தால் அதில் தவறில்லை.

பாலியுரிதேன் வகைக்கு இன்னொரு எதிரி ஈரப்பதம். சீசன் முடிந்து ஈரம் காயாமல் பையில் திணித்து, வெப்பமான அலமாரியில் எட்டு மாதம் வைத்துவிட்டால், ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பூச்சையே உடைத்துவிடும். எடுக்கும்போது பிசுபிசுவென்று கையில் ஒட்டும், புளித்த நாற்றம் அடிக்கும். போடாமல் வைத்திருந்ததாலேயே கெட்டுப்போன ஜாக்கெட்டுகள் என் மேசையில் நிறைய உண்டு. நன்றாகக் காயவைத்து ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

தையலைப் பொறுத்தவரை, ‘எல்லாத் தையலும் டேப் போட்டது’ என்றும் ‘முக்கியத் தையல் மட்டும் டேப் போட்டது’ என்றும் இரண்டு வகை உண்டு. இரண்டாவதில் தோள், கழுத்து, ஹூட் மட்டும் மூடியிருக்கும். ஈரப் பனியில் உட்காரும் உங்களுக்கு முழு டேப் வேண்டும். சட்டையை உள்புறமாகத் திருப்பி, டேப் மூன்று தையல் கூடும் இடத்தில் சுருக்கமோ குமிழோ இல்லாமல் படிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். புதிதிலேயே தூக்கியிருந்தால் அது மூன்றாவது துவைப்பில் பிரியும். ஆரம்ப காலத்தில் நான் ஒருவருடைய ஜாக்கெட்டில் டேப்பை மறுபடி ஒட்டும்போது சூட்டைச் சற்றுக் கூட்டிவிட்டேன். சவ்வு சுருண்டு ஓட்டையாகி, அவருக்கு முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டு இஸ்திரிப் பெட்டியால் டேப் ஒட்டப் பார்க்கிறவர்களுக்கு அதனால்தான் வேண்டாம் என்று சொல்கிறேன்.

ஜிப் பற்றி மக்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ‘ஜிப் போச்சு’ என்று வருவதில் பெரும்பாலும் போயிருப்பது ரன்னர்தான், அதாவது மேலும் கீழும் இழுக்கும் தலை. அதன் வாய் தேய்ந்து அகன்றிருக்கும், பல்லைச் சேர்த்துக் கடிக்காது, மூடியதும் பின்னாலேயே பிளந்துகொள்ளும். ரன்னரின் முதுகில் அளவு எண் பொறித்திருக்கும், 5 அல்லது 8. அதே அளவு, அதே வகை ரன்னர் வாங்கி மாற்றினால் பத்து நிமிடத்தில் முடியும். ஒய்.கே.கே. போலப் பரவலாகக் கிடைக்கும் ஜிப் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான், மாற்று ரன்னர் சுலபமாகக் கிடைக்கும். ரன்னரை மாற்றினாலும் தீராத பழுது இரண்டு: தனித்தனி பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப்பில் ஒரு பல் உடைவது, கீழே முள்ளும் பெட்டியும் சேரும் இடம் பிய்ந்துபோவது. இரண்டாவது பெரும்பாலும் அவசரத்தில் வரும் பழுது. முள்ளைப் பெட்டியின் அடிவரை இறக்காமல் இழுப்பதுதான் காரணம். முன்பக்கத்துக்குப் பெரிய பல் ஜிப், அதன்மேல் துணி மூடி, கையுறையோடு பிடிக்க வசதியாக ஒரு நாடா, இந்த மூன்றும் இருந்தால் நிம்மதி. ரப்பர் பூசின பளபள ஜிப்புகள் தண்ணீரை ஓரளவு தடுக்கும், முழுவதும் தடுக்காது. மடிப்பு விழும் இடத்தில் அந்தப் பூச்சு சில சீசனில் வெடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் பாவாடை இருக்கட்டும். விழும்போது பனி முதுகுக்குள் ஏறாமல் தடுக்கும். ஹூட் ஹெல்மெட்டின்மேல் ஏற வேண்டும். கீழ் விளிம்பு இறுக்கும் நாடாவின் வளையம் வெளியே தொங்கக் கூடாது. லிஃப்ட் நாற்காலியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அது பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி தைத்ததாகப் பாருங்கள். ரெக்கோ என்ற பிரதிபலிப்பான் தைத்திருந்தால் மீட்புக் குழுவினர் தேட உதவும், ஆனால் பனிச்சரிவு வரக்கூடிய இடத்துக்கு டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டும் சிக்னல் கருவி) இல்லாமல் போக அது அனுமதி அல்ல.

கடையில் போட்டுப் பார்க்கும்போது உள்ளே போடப்போகும் ஃப்ளீஸையும் எடுத்துப் போங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள். விளிம்பு இடுப்புக்குமேல் ஏறக் கூடாது. குனிந்து கற்பனைப் பைண்டிங் ஒன்றை மாட்டுங்கள்; தோள்பட்டையின் பின்தையல் இறுகினால் அது இறுகும் இடத்திலேயே ஒருநாள் பிரியும், ஒரு அளவு கூட்டி எடுங்கள். தரையில் உட்கார்ந்து பாருங்கள். முதுகு விளிம்பு உங்களுக்கு அடியில் வர வேண்டும்.

நீங்கள் பார்த்து வைத்த இரண்டில், அந்த 20,000 ஷெல் 70 டீனியருக்குக் குறையாமல், இரண்டடுக்கோ மூன்றடுக்கோ ஆக, முழு டேப்போடு இருந்தால் அதையே எடுங்கள். அது இரண்டரை அடுக்காகவோ 30 டீனியராகவோ இருந்தால் எண்ணை மறந்துவிட்டு 10,000 ஜாக்கெட்டின் விளிம்பையும் பட்டியையும் தடவிப் பாருங்கள். அது கெட்டியாக இருந்தால் அதுவே உங்களுக்கு அதிக வருடம் வரும். எதை வாங்கினாலும் கூடவே ஒட்டும் நைலான் ஒட்டுத்துணி ஒரு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் விளிம்பு கிழித்த அன்றே கிழிசலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒட்டுத்துணியின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டி, உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும்.